மேல்மலையில் கஞ்சாவுக்கு அனுமதி வந்தால் யாருக்கு லாபம்?

கேள்வி இது: "கொடைக்கானல் மேல்மலையில் இரண்டு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. கேரட், பூண்டு இரண்டிலும் போட்ட காசு வருவதே பாடாக இருக்கிறது. உத்தராகண்டில் கஞ்சா பயிரிட அனுமதி கொடுத்துவிட்டார்களாமே, இங்கும் வருமா? வந்தால் லாபமா? கனடா, ஜெர்மனி எல்லாம் சட்டபூர்வமாக்கிய பிறகும் நம் நாட்டில் ஏன் இழுக்கிறார்கள்?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாருக்கும் விதைக்கும் கஞ்சாச் செடி வளர்ப்பதற்கான கதவு 1985 போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு அதைத் தட்டவில்லை, அவ்வளவுதான். புகைப்பதற்கு அனுமதி என்பது நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலை, அது இப்போதைக்குக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லை. இரண்டில் எது வந்தாலும் மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறைப் பக்கத்து விவசாயிக்குக் கிடைக்கப்போவது மிகக் குறைவு. மலைக் கஞ்சாவுக்கு இன்று விலை இருப்பதே அது தடை செய்யப்பட்டிருப்பதால்தான். மறைவான இடம், போலீஸ் ஏற முடியாத சரிவு, மாட்டினால் ஜெயில் என்ற பயம், இவற்றுக்குத்தான் வாங்குகிறவன் காசு கொடுக்கிறான். தடையை எடுத்தால் அந்தக் காசும் போய்விடும். மிஞ்சுவது ஒரு சாதாரணச் செடி. சாதாரணச் செடியைச் சமவெளியில் பசுமைக் கூடாரம் போட்டு மலிவாக வளர்க்கிறவனோடு மேல்மலை போட்டியிட முடியாது.

இனி விரிவாக.

"சட்டபூர்வம்" என்ற ஒரே சொல்லில் நான்கு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். போதை இல்லாத ரகத்தை நாருக்கும் விதைக்கும் பயிரிடுவது ஒன்று. மருந்துக்காகப் பயன்படுத்துவது இன்னொன்று. கொஞ்சமாக வைத்திருப்பவனைக் குற்றவாளி ஆக்காமல் விடுவது மூன்றாவது. இதில் விற்பனை அப்படியே குற்றமாகத்தான் இருக்கும். கடை திறந்து வரி போட்டு விற்பது நான்காவது. உத்தராகண்டில் நடந்தது முதலாவது. கனடாவில் நடந்தது நான்காவது. ஜெர்மனி மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நிற்கிறது: 2024 ஏப்ரல் 1 முதல் வெளியே 25 கிராம், வீட்டில் 50 கிராம், மூன்று செடி வரை வைத்துக்கொள்ளலாம், சங்கம் அமைத்து வளர்த்து உறுப்பினர்களுக்குள் பகிரலாம், ஆனால் கடை கிடையாது. இதையெல்லாம் ஒன்றாகப் போட்டு "உலகமே விட்டுவிட்டது" என்றால் பேச்சு அங்கேயே தடம் புரண்டுவிடும்.

நம் சட்டம் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985. பேச்சு வழக்கில் என்டிபிஎஸ். இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. கஞ்சா என்று சட்டம் சொல்வது செடி முழுவதையும் அல்ல, பூத்த அல்லது காய்த்த நுனியை மட்டும். நுனியோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. பிசினைத் தனியாகப் பிரித்தால் அது சரஸ், அதற்குக் கணக்கு வேறு. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு பாங்கு (இலையை அரைத்துச் செய்யும் போதைப் பண்டம்) கடை நடப்பது இந்த இலை விதிவிலக்கால்தான். ஆனால் செடி வளர்ப்பது என்று வந்தால் விலக்கு இல்லை. பிரிவு 8 எந்தக் கஞ்சாச் செடியையும் அனுமதியின்றிப் பயிரிடக் கூடாது என்கிறது. "இலைக்காகத்தான் வளர்த்தேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தொட்டியில் ஒரு செடி வைத்தாலும் சாகுபடிதான், பிரிவு 20-ன்படி பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

தமிழ்நாட்டில் இலைக்கும் இடமில்லை. 1937-ல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்குச் சட்டம் சாராயத்தோடு நிற்கவில்லை. கஞ்சாச் செடியின் இலை, பூ, பாங்கு எல்லாவற்றையும் போதைப்பொருள் என்று சேர்த்துக்கொண்டது. அந்தச் சட்டம் இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. "1985 வரை நாடு முழுக்க எல்லாரும் சட்டப்படிதான் புகைத்தார்கள், ராஜீவ் காந்தி வந்து அமெரிக்கா சொன்னதற்காகத் தடை போட்டார்" என்று ஒரு கதை சுற்றுகிறதே, அது வடக்கே பல மாநிலங்களுக்கு ஓரளவு பொருந்தலாம். நமக்கு அப்படியே பொருந்தாது. அமெரிக்க நெருக்கடி என்பதும் பாதிக் கதைதான். 1961 ஐநா ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போட்டிருந்தது. மருந்துக்கு அல்லாத கஞ்சாப் பயன்பாட்டை 25 ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று அதில் கெடு இருந்தது. ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 1964 டிசம்பரில், கெடு முடிவது 1989-ல். சட்டம் 1985-ல் வந்ததற்கு இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அளவுக் கணக்குக்கு வருவோம். வாதம், எதிர்வாதம் எல்லாம் கடைசியில் வந்து நிற்பது தராசில்தான். கஞ்சா ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் சிறு அளவு: ஓராண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேலே போனால் வணிக அளவு: குறைந்தது பத்து ஆண்டு, அதிகபட்சம் இருபது, அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம். இடைப்பட்டதற்குப் பத்து ஆண்டு வரை. சரஸ் என்றால் 100 கிராம், ஒரு கிலோ என்று கோடுகள் நெருங்கிவிடும். வணிக அளவில் ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. இவர் குற்றம் செய்திருக்க மாட்டார் என்றும், வெளியே விட்டால் மறுபடி செய்ய மாட்டார் என்றும் நீதிபதிக்கே நியாயமாகத் தோன்ற வேண்டும் என்கிறது பிரிவு 37. குற்றப்பத்திரிகைக்கும் போலீசுக்கு 180 நாள் அவகாசம். கடத்துகிறவர்கள் மூட்டையைப் பதினெட்டு, பத்தொன்பது கிலோவில் கட்டுவது இந்தக் கோட்டைத் தெரிந்துதான்.

மலைப்பாதையில் ஒரு சோதனைச் சாவடியில் சாக்கு மூட்டை ஒன்று பிடிபடுகிறது என்று வையுங்கள். தராசில் 21 கிலோ காட்டுகிறது. பறிமுதல் மகஜரில் 21 என்று எழுதியாயிற்று. இனி கேட்க வேண்டிய கேள்விகள்: சாக்கோடு நிறுத்தார்களா, சாக்கு இல்லாமலா? பிளாஸ்டிக் உறை, செய்தித்தாள் சுற்றல் எவ்வளவு? உள்ளே பூத்த நுனி எவ்வளவு, உதிர்ந்த இலை எவ்வளவு, தடித்த தண்டு எவ்வளவு? பச்சையாக இருந்ததா? பச்சைச் செடி காய்ந்தால் எடை நாலில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். இந்த ஒன்றிரண்டு கிலோ வித்தியாசத்தில் ஒருவன் ஒரு மாதத்தில் ஜாமீனில் வருவதும், விசாரணை முடியும் வரை உள்ளே கிடப்பதும் தீர்மானமாகிறது. நுனியைப் பிரிக்காமல் மொத்தமாக நிறுத்த வழக்குகளில் நீதிமன்றங்கள் சந்தேகத்தின் பலனைக் கொடுத்திருக்கின்றன. ஆனால் கலப்படம் என்றால் வேறு. 2020 ஹீரா சிங் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், போதைப்பொருளோடு கலந்த வெறும் பொருளின் எடையும் சேர்த்துத்தான் கணக்கு என்று சொல்லிவிட்டது. மாதிரி எடுப்பதற்கும் 2022 விதிகள் இருக்கின்றன: கஞ்சாவுக்கு 24 கிராம் வீதம் இரண்டு மாதிரி, மாஜிஸ்திரேட் முன்னிலையில். சாவடியிலேயே மாதிரி எடுத்து முத்திரை வைத்து அனுப்பினால் வழக்கு ஆட்டம் காணலாம். வாக்குமூலமும் அப்படித்தான். தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற நம் ஊர் வழக்கில்தான், 2020 அக்டோபரில், விசாரணை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சீர்திருத்தம் பேசுகிறவர்கள் கடையையும் வரியையும் பற்றியே பேசுகிறார்கள். நிஜத்தில் அன்றாடம் மனிதர்களை நசுக்குவது இந்தத் தராசு. பொட்டலத்தோடு பிடிபடும் இருபது வயதுப் பையன், கூலிக்கு மூட்டை தூக்கியவன், பஸ்ஸில் "இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று ஒப்படைக்கப்பட்டவன், இவர்களுக்குத்தான் இந்தச் சட்டம் முழு கனத்தோடு இறங்குகிறது. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளையவைத்து அனுப்புகிறவன் தராசுக்கு அருகிலேயே வருவதில்லை.

சரி, உங்கள் நிலத்துக்கு வருகிறேன். நாருக்கும் விதைக்கும் பயிரிடும் வகையை ஹெம்ப் என்கிறார்கள். பத்திரிகைகள் இதைச் சணல் என்று மொழிபெயர்த்து வைத்திருக்கின்றன. விதைக்கடையில் போய்ச் சணல் என்று கேட்டால் வேறு எதையாவது கொடுப்பார்கள். கோணிப்பை செய்யும் சணல் வேறு, தழை உரத்துக்கு மடக்கி உழும் சணப்பை வேறு, ஹெம்ப் வேறு. மூன்றுக்கும் தாவரக் குடும்பமே வேறு. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடிதான், போதை தரும் டிஎச்சி என்ற பொருள் 0.3 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்படி தேர்ந்தெடுத்த ரகம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. இதுதான் பாதித் தலைவலி.

என்டிபிஎஸ் பிரிவு 14 நார், விதை, தோட்டக்கலைக் காரணங்களுக்காகக் கஞ்சாச் செடி வளர்க்க அரசு பொது ஆணையாலோ தனி ஆணையாலோ அனுமதி தரலாம் என்கிறது. பிரிவு 10 மாநிலங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரம் தருகிறது. உத்தராகண்ட் 2018-ல் உரிமம் கொடுத்தது இந்த வழியில்தான். இமாச்சலச் சட்டமன்றம் 2024 செப்டம்பரில் மருந்துக்கும் தொழிலுக்கும் பயிரிடலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. விதையைச் சாப்பிடவும் 2021-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்துவிட்டது, அதனால்தான் ஹெம்ப் விதை, எண்ணெய், மாவு எல்லாம் கடைகளில் வெளிப்படையாகக் கிடைக்கிறது. ஆக, தமிழ்நாடு அரசு நினைத்தால் சட்டம் திருத்தாமலே ஓர் அரசாணையில் தொடங்கலாம்.

தொடங்கினால் மேல்மலையில் என்ன ஆகும்? முதல் சிக்கல் பகல் நேரம். கஞ்சாச் செடி பகல் குறைந்தால் பூக்கும் இனம். வட இந்தியாவில், 30 டிகிரி அட்சரேகையில், ஜூன் மாதப் பகல் 14 மணி நேரம் இருக்கும். செடி அந்த நீண்ட பகலில் ஆளுயரத்துக்கு மேலே வளர்ந்து, பகல் சுருங்கிய பிறகே பூக்கும். நீளமான தண்டுதான் நார். கொடைக்கானல் இருப்பது 10 டிகிரி சொச்சத்தில். இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம். வடக்கத்தி ரகத்தையோ ஐரோப்பிய ரகத்தையோ கொண்டுவந்து விதைத்தால், செடி முழங்கால், இடுப்பு உயரத்திலேயே பூத்துத் தண்டு முற்றிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகே வளரும் ரகங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை போதை ரகங்கள். 0.3-க்குக் கீழும் இருந்து, குறும்பகலில் உயரமாகவும் வளரும் ரகத்தை நம் மலைக்கென்று உருவாக்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் இன்று தொடங்கினாலும் பல பருவங்கள் ஆகும்.

இரண்டாவது மகரந்தம். இது காற்றில் பல கிலோமீட்டர் பறக்கும். எங்கோ ஒரு சோலை ஓரத்தில் யாரோ திருட்டுத்தனமாக வளர்க்கும் ஆண்செடியின் மகரந்தம் உங்கள் வயலில் விழுந்தால், அந்த விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைத்தால், டிஎச்சி ஏறிவிடும். அளவு 0.3-ஐத் தாண்டினால் பயிரை அழிக்க வேண்டும், இழப்பீடு கிடையாது. அமெரிக்காவில் 2018 பண்ணைச் சட்டம் ஹெம்புக்கு அனுமதி கொடுத்த பிறகு நிறைய விவசாயிகள் அடிபட்டது இதில்தான். அதனால் ஒவ்வொரு போகத்துக்கும் சான்று விதை காசு கொடுத்து வாங்க வேண்டும். மலைப்பூண்டு மாதிரி வீட்டில் அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டு அடுத்த நடவுக்கு எடுக்கிற கதை இதில் நடக்காது. அறுவடைக்கு முன் பூத்த நுனியை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வரும் வரை வெட்டாமல் காத்திருக்கவும் வேண்டும்.

மூன்றாவது மழை. அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்தால் நெருக்கமான பூக்கதிரில் சாம்பல் பூஞ்சணம் பிடித்துவிடும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், கதிரைப் பிளந்தால் உள்ளே பழுப்பாக அழுகியிருக்கும். விதைப் பயிருக்கு இது பெரிய அடி. டிசம்பர், ஜனவரியில் உறைபனி.

நான்காவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: நார் பிரிப்பது. வெட்டிய தண்டை அப்படியே விற்க முடியாது. பனியில் போட்டோ நீரில் ஊறவைத்தோ பசையை இளக்க வேண்டும், காய வேண்டும், பிறகு இயந்திரத்தில் நசுக்கி நாரையும் சக்கையையும் பிரிக்க வேண்டும். பனியில் போட்டால் ஈரமும் வெயிலும் மாறி மாறி வர வேண்டும். தொடர் மழையில் தண்டு அழுகி நார் அற்றுப்போகும். ஓடையில் ஊறவைத்தால் தண்ணீர் நாறி மீன் சாகும், கீழே குடிக்கிற ஊர் சும்மா விடாது. நல்ல விளைச்சலிலும் ஏக்கருக்கு இரண்டரை, மூன்று டன் காய்ந்த தண்டு, அதில் நார் கால்வாசி. தண்டோ கனமில்லாமல் இடத்தை அடைக்கும் சரக்கு. லாரி எடையில் நிரம்பும் முன்னே கொள்ளளவில் நிரம்பிவிடும். மன்னவனூரிலிருந்து கொடைக்கு 35 கிலோமீட்டர், அங்கிருந்து வத்தலக்குண்டுக்கு மலை இறக்கம். லாரி வாடகையே நாரின் விலையைத் தின்றுவிடும். பிரிக்கும் ஆலை மலையிலேயே இருந்தால் மட்டும் கணக்கு ஒத்துவரும். ஆலை போடுகிறவன் ஆயிரம் ஏக்கருக்குக் குறையாமல் கேட்பான். கேரட் நூறு, நூற்றுப் பத்து நாளில் கையில் காசு. பூண்டுக்கு வடுகபட்டிச் சந்தையும் புவிசார் குறியீடும் இருக்கின்றன. ஹெம்புக்கு ஒட்டன்சத்திரத்தில் ஏலம் கூறும் மண்டி கிடையாது. ஒரே ஒரு கம்பெனி வாங்குவான், அவன் சொன்னதுதான் விலை. கரும்பு விவசாயியைக் கேட்டால் அந்த உறவு எப்படியிருக்கும் என்று சொல்வார்.

"நாரை விடுங்கள், போதைக் கஞ்சாவுக்கே அனுமதி வந்தால்?" என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் கலிபோர்னியாவில் இருக்கிறது. அங்கே ஹம்போல்ட், மெண்டோசினோ, டிரினிட்டி என்ற மூன்று மலை மாவட்டங்களை மரகத முக்கோணம் என்பார்கள். ரெட்வுட் மரக் காட்டுக்குள் பல பத்தாண்டு ஒளிந்து வளர்த்த சிறு விவசாயிகள், ஊர்ப் பொருளாதாரமே அதில்தான் ஓடியது. 2016-ல் வாக்கெடுப்பில் சட்டபூர்வமானது, 2018 ஜனவரியில் கடைகள் திறந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரம் டாலருக்கு மேல் போன ஒரு பவுண்டு எடைச் சரக்கு சில நூறு டாலருக்கு இறங்கியது. உரிமக் கட்டணம், நீர் அனுமதி, ஆய்வகச் சோதனை, வரி எல்லாம் கட்டிய சிறு விவசாயி அந்த விலைக்கு விற்றுப் பிழைக்க முடியவில்லை. பலர் கைவிட்டுப் போனார்கள். யார் பிழைத்தார்கள்? சமவெளியில், கடலோரத்தில், பூ வளர்த்துக்கொண்டிருந்த பெரிய கூடாரங்களைக் கஞ்சாவுக்கு மாற்றிய முதலாளிகள். கனடாவிலும் தக்காளி, குடைமிளகாய் வளர்த்த கண்ணாடிக் கூடங்கள்தான் மாறின. அங்கே அளவுக்கு மீறி உற்பத்தி செய்து, விற்காமல் அழித்த சரக்கும் ஏராளம். நம் ஊரில் இது நடந்தால் ஓசூர் ரோஜாக் கூடாரக்காரர்கள் ஒரே போகத்தில் மாறிவிடுவார்கள். மின்சாரம், சொட்டுநீர், குளிர்பதனக் கிடங்கு, பெங்களூரு விமான நிலையம் எல்லாம் அவர்கள் வாசலில். வட்டக்கானலுக்கு வந்து போகிற சுற்றுலாப் பயணி "மலைச் சரக்கு" என்று கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். அந்தப் பெருமையை வைத்து இரண்டு ஏக்கரின் வருமானத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

தாய்லாந்து இன்னொரு பாடம். 2022 ஜூன் 9-ல் போதைப்பொருள் பட்டியலிலிருந்து செடியை எடுத்தார்கள், ஆனால் அதை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை முதலில் போடவில்லை. தெருவுக்குத் தெரு கடை. செடி நட்ட விவசாயிகளுக்கு விலை விழுந்தது. 2025 ஜூனில் பூவை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று திரும்பவும் கட்டிப்போட்டார்கள். அரசு மாறினால் கொள்கை மாறும் நாட்டில் மூன்றாண்டு முதலீடு போடுகிறவன் நிலை அதுதான்.

இந்தியாவில் வாய்ப்பு எப்படி? 2020 டிசம்பர் 2-ல் ஐநா போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து எடுக்கும் வாக்கெடுப்பு நடந்தது, 27-க்கு 25 என்று நிறைவேறியது, இந்தியா ஆதரவாக வாக்களித்தது. இதைக் கேட்டுப் பலர் துள்ளினார்கள். முதல் பட்டியலில் கஞ்சா அப்படியே இருக்கிறது, மருந்து ஆராய்ச்சிக்கு வழி சற்று அகலமானது, அவ்வளவே. 2016-ல் பாட்டியாலா எம்பி தரம்வீர் காந்தி அபினையும் கஞ்சாவையும் இந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து தளர்த்தத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களுக்கு என்ன கதியோ அதுதான் அதற்கும். தமிழ்நாட்டில் எந்தப் பெரிய கட்சியும் இதைத் தொடாது. டாஸ்மாக்கை வைத்தே தாய்மார்களிடம் பதில் சொல்ல முடியாமல் இருக்கிறார்கள்.

டாஸ்மாக் என்றதும் எல்லாரும் வைக்கும் வாதம் ஒன்று உண்டு: "சாராயத்தை அரசே விற்கிறது, அதைவிடக் கெடுதல் குறைந்த கஞ்சாவுக்கு ஏன் ஜெயில்?" பாதி சரி. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் செய்த 2019 ஆய்வில் மது அருந்துவோர் 14.6 விழுக்காடு, ஏறக்குறைய 16 கோடி. கஞ்சா, பாங்கு எல்லாம் சேர்த்து 2.8 விழுக்காடு, சுமார் 3.1 கோடி. அதிலும் பாங்கு 2.2 கோடி, தடை செய்யப்பட்ட கஞ்சாவும் சரஸும் 1.3 கோடி (சிலர் இரண்டிலும் வருவார்கள்). அளவுக்கு மீறிக் குடித்தால் மது நேரடியாகக் கொல்லும், கஞ்சா அப்படிக் கொல்வது மிக மிக அரிது. ஆனால் இதே வாதத்தைத் திருப்பியும் போடலாம்: தெருவுக்குத் தெரு கடை வைத்தால் குடிப்பவர் எண்ணிக்கை என்ன ஆகும் என்பதற்கு டாஸ்மாக்கே சாட்சி. 1893-94 இந்திய ஹெம்ப் போதைப்பொருள் ஆணையம், 1,193 சாட்சிகளை விசாரித்து, மிதமான பயன்பாட்டால் பெரிய கேடில்லை, தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றது. ஆதரவாளர்கள் அதை மேற்கோள் காட்டாத நாளில்லை. அந்த ஆணையம் பார்த்தது அந்தக் காலத்துச் சரக்கு. இன்றைய ரகங்களும் பிசின் எண்ணெய்களும் பல மடங்கு வீரியமானவை. பயன்படுத்துகிறவர்களில் பத்தில் ஒருவருக்குப் பழக்கம் விடாப்பிடியாகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு, பதின்ம வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

தின்பண்டமாக வருவது தனி வில்லங்கம். புகைத்தால் சில நிமிடத்தில் தெரியும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. "ஏறவில்லையே" என்று இன்னொரு துண்டு தின்பார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும், படபடப்பு, வாந்தி, செத்துவிடுவோம் என்ற பயம், ஆறேழு மணி நேரம். கனடா இதற்காகவே ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டிஎச்சி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. வண்டி ஓட்டுவதிலும் இதே சிக்கல். மதுவுக்கு ஊதச் சொல்லலாம், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று சட்டத்தில் எண் இருக்கிறது. கஞ்சாவுக்கு எண் இல்லை. சிறுநீரில் தடயம் வாரக்கணக்கில் தங்கும், அதை வைத்து இப்போது போதையில் இருக்கிறாரா என்று சொல்ல முடியாது. கொண்டை ஊசி வளைவுகளில் ராத்திரி இறங்கும் சுற்றுலா வேன்களை நினைத்தால், கடை திறக்கச் சொல்வதற்கு முன் இதற்கு ஒரு விடை வேண்டும்.

என் கணிப்பு: முதலில் வருவது மூன்றாவது வகை, அதாவது சிறு அளவுக்குச் சிறைக்குப் பதில் சிகிச்சை. அதற்கான விதை சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பிரிவு 64ஏ-ன்படி, அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முடித்தால், பயன்படுத்தியதற்கும் சிறு அளவுக்கும் வழக்கு இல்லை. பாதியில் விட்டால் அந்தச் சலுகை போய்விடும். இது இருப்பது பிள்ளைகளின் பெற்றோருக்கே தெரிவதில்லை. 14446 என்ற இலவச எண்ணில் கேட்டால் அருகில் எந்த மையம் என்று சொல்வார்கள். அடுத்ததாக மலை மாநிலங்களில் ஹெம்ப் மெல்ல விரியும். தமிழ்நாட்டில் வந்தால் முதலில் சித்த மருந்துத் தயாரிப்பு வழியாக வரலாம், ஏனென்றால் சித்த மருந்துகளின் நச்சுப்பொருள் பட்டியலில் கஞ்சா ஏற்கெனவே இருக்கிறது, உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்கு அது புதிதல்ல.

இடையில் உங்கள் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். மதுரையிலோ சென்னையிலோ உட்கார்ந்துகொண்டு மேல்மலை நிலத்தை யாருக்கோ குத்தகைக்கு விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரிவு 46-ன்படி தன் நிலத்தில் கஞ்சாச் செடி இருப்பது தெரிந்தும் தகவல் சொல்லாத நில உரிமையாளருக்கும் தண்டனை உண்டு. கிராம நிர்வாக அலுவலருக்கும் அதே கடமை பிரிவு 47-ல். காட்டேஜ், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்குப் பிரிவு 25: தெரிந்தே இடம் கொடுத்தால் குற்றம் செய்தவனுக்கு என்ன தண்டனையோ அதுவே. "காளான்" என்று கேட்டு வரும் விருந்தினர்களிடமும் எச்சரிக்கை. போதைக் காளானில் இருக்கும் சைலோசைபினும் இதே சட்டத்தின் பட்டியலில்தான் இருக்கிறது. குத்தகைப் பத்திரத்தில் என்ன பயிர் என்று எழுதி வாங்குங்கள், போகத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய் பீன்ஸ் பந்தலுக்குப் பின்னால், பட்டாணி வரிசைக்கு நடுவில், ஓடைக்கரை மறைவில் பாருங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் பிடுங்கிப் போடாதீர்கள், தொடாதீர்கள். இருக்கிற இடத்தைத் தேதியோடு படம் எடுத்து, அன்றே எழுத்தில் காவல் நிலையத்துக்குக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.